‘கீறேன்’ என்று ஒரு குரல்

காலை ஐந்தேகால் மணிக்குக் கவரைப்பேட்டை நெடுஞ்சாலை ஓரத்தில் கம்பெனிப் பேருந்து வந்து நிற்கும். ஜோதிலட்சுமி அதில் ஏறி ஆந்திர எல்லையைத் தாண்டிப் போவாள். செல்போனுக்குள் வைக்கிற பொடிப்பொடிச் சாமான்களை நாளெல்லாம் பொருத்திவிட்டு, மாலை ஏழரைக்குத்தான் திரும்புவாள். அவள் கணவன் தணிகைவேலுக்குக் கும்மிடிப்பூண்டியில் கட்டடக் கம்பி தயாரிக்கும் ஆலையில் வேலை. இரவு பத்து மணி ஷிப்ட் காலை ஆறு மணிக்கு முடிந்துவிடும். ஆனால் ஓ.டி. என்று சொல்லி மதியம் இரண்டு மணி வரை அங்கேயே நின்றுவிடுவான். மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தால், எட்டு மணிக்கு உலுக்கி எழுப்ப வேண்டும். இந்தப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில்தான் குடியிருக்கிறார்கள் என்பதற்கு ரேஷன் கார்டு ஒன்றுதான் சாட்சி.

இவர்களுக்கு ஒரே பெண், பதின்மூன்று வயது. திருவள்ளூர்க் கோயில் தாயாரிடம் வேண்டிக்கொண்ட பிறகு பிறந்ததால் தாயாரின் கனகவல்லி என்ற பெயரையே வைத்தார்கள். கூப்பிடுவது கனகா. வேண்டிப் பெற்ற பிள்ளையைத் தாயாரே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டார்களோ என்னவோ, இந்த இரண்டு வருடமாக அந்தப் பெண் தானே எழுந்து, தானே தலை பின்னி, தானே கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்தாள்.

கனகாவிடம் ஒரு போன் இருந்தது. அது அவளுடையது அல்ல, அவள் அப்பாவுடையது. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. வாசலிலேயே வாங்கி ஒரு பெட்டியில் போட்டுவிடுவார்கள். ஒருநாள் அந்தப் பெட்டியிலிருந்து எடுத்தபோது தணிகைவேலின் போன் கண்ணாடி உடைந்திருந்தது. அன்றிலிருந்து அவன் போனை மகளிடமே விட்டுவிட்டு வேலைக்குப் போனான். மாமா கூப்பிட்டாலும் சரி, கேஸ் சிலிண்டர்காரர் கூப்பிட்டாலும் சரி, எடுப்பவள் கனகாதான்.

“எங்க நைனா ட்யூட்டில கீறாரு. இன்னா விஷயம், சொல்லுங்க.”

இருக்கிறார் என்பதை அந்தப் பக்கத்தில் கீறாரு என்பார்கள். தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் கனகாவின் வாயிலிருந்து இந்த வாக்கியம் பிசகாமல் வரும்.

பள்ளிக்கூடம் நடந்தவரை பொழுது போயிற்று. முழுப் பரீட்சை முடிந்து மே மாதம் வந்ததும்தான் அவளுக்கு வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. இரண்டே அறை உள்ள வீடுதான். பகலெல்லாம் ஒருத்தியே இருந்தால் இரண்டு அறையும் மைதானமாகத்தான் தெரியும். பேச்சுக்குரல் கேட்க வேண்டும் என்பதற்காகவே டி.வி.யைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் சோறு தின்பாள். ரீசார்ஜ் பண்ணச் சொல்லி ஒரு பெண்ணின் பதிவுக்குரல் போனில் வரும். நாமெல்லாம் அதைப் பாதியில் வெட்டிவிடுவோம். கனகா கடைசிவரை கேட்பாள். ‘தொடர்ந்து கேட்க ஒன்றை அழுத்தவும்’ என்றால் ஒன்றை அழுத்துவாள்.

அந்தச் சமயத்தில்தான் ரயில் பாதையை ஒட்டிய ஊராட்சி மைதானத்தில் பெண் பிள்ளைகளுக்குக் கோடைகால ரக்பி முகாம் நடக்கப்போவதாக வகுப்புத் தோழி கெங்கா வந்து சொன்னாள். கெங்காவின் முழுப்பெயர் கெங்கம்மாள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் அப்பா அப்பாவு, தன் தாயின் பெயரையே மகளுக்கு வைத்துவிட்டார்.

“கால்பந்து மாதிரிதான்டி. ஆனா கையில தூக்கிகினு ஓடலாம். எதுர்ல வந்தா மோதலாம், புடிச்சிக் கீழ தள்ளலாம். யாரும் திட்ட மாட்டாங்க.”

“நெசமாவா?”

“பந்து பலாக்கொட்டை மாதிரி கீதுடி. காலைல ஆறுலேர்ந்து ஒம்போது வரைக்கும். சுண்டலு வேற குடுக்குறாங்க.”

மோதலும் வேண்டாம், சுண்டலும் வேண்டாம். மூன்று மணி நேரம் மனிதர்களோடு இருக்கலாம் என்பதே கனகாவுக்குப் போதுமானதாக இருந்தது. விண்ணப்பத்தை வாங்கி வந்து எட்டரை மணி வரை காத்திருந்து, குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் நீட்டினாள்.

“நைனா, ஒரு கையெழுத்து.”

“இன்னாது?”

“கேம்பு நைனா. பதினஞ்சு நாளு.”

“நல்லா படி” என்று சொல்லித் தணிகைவேல் கையெழுத்துப் போட்டான். ‘இது உடலோடு உடல் மோதும் விளையாட்டு. காயம் ஏற்படக்கூடும் என்பதை அறிந்தே என் மகளை அனுப்புகிறேன்’ என்று அதில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் அவன் கையெழுத்து இருந்தது. சாப்பாட்டுத் தூக்கை எடுத்தானா, போன் மேஜை மேல் இருக்கிறதா என்று பார்த்தானா, அவ்வளவுதான், போய்விட்டான். அம்மாவிடமும் சொன்னாள். “அங்க தண்ணி குடுப்பாங்களா?” என்று கேட்ட ஜோதிலட்சுமி, பதில் வருவதற்குள் சுவரில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள்.

விண்ணப்பத்தில் ‘பெற்றோர் கைபேசி எண்’ என்று ஒரு கட்டம் இருந்தது. கனகா அப்பாவின் எண்ணை எழுதினாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முகாமுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவள் ஷஹனாஸ். பழவேற்காட்டில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனீப்பின் மகள், சென்னையில் கல்லூரிக்காக ஆடியவள். முதல் பேருந்தைப் பிடித்து வந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இருபத்திரண்டு பெண்களையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டாள். மூன்றாம் நாள்தான் பந்தைக் கண்ணில் காட்டினாள்.

“நல்லா கேட்டுக்குங்க. பந்தைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு தூரம் வேணும்னாலும் முன்னாடி ஓடலாம். ஆனா முன்னாடி நிக்கிற ஆளுக்கு வீசக்கூடாது. வீசுனா தப்பு, பந்து எதிர் டீம் கைக்குப் போயிடும். பின்னாடி வர்ற ஆளுக்குத்தான் குடுக்கணும்.”

“பின்னாடி எவ வரான்னு எப்டிக்கா தெரியும்? முதுவுல கண்ணா கீது?” என்றாள் கெங்கா.

“அதுக்குத்தான் பின்னாடி வர்றவ குரல் குடுக்கணும். ‘வித் யூ’ன்னு கத்தணும். உன்கூட இருக்கேன்னு அர்த்தம்.”

கத்திப் பார்த்தார்கள். ஒருத்தி வாயில் அது ‘வித்து’ என்று வந்தது, இன்னொருத்தி வாயில் ‘விட்டியா’ என்று வந்தது. ஷஹனாஸே சிரித்துவிட்டாள். அடுத்த சுற்றில் கனகா பந்தோடு ஓடும்போது பின்னாலிருந்து கெங்கா தொண்டை கிழியக் கத்தினாள்.

“கீறேன்!”

கனகா திரும்பிப் பார்க்கவில்லை. குரல் வந்த பக்கமாகப் பந்தை விட்டாள். பந்து கெங்காவின் கையில் போய் உட்கார்ந்தது. மைதானம் முழுக்கக் கைதட்டல். அன்று முதல் ‘வித் யூ’வைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு இருபத்திரண்டு பேரும் ‘கீறேன், கீறேன்’ என்றுதான் கத்தினார்கள்.

கனகாவுக்கு அந்தச் சொல் இனித்தது. அவள் போனில் எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பாள், எல்லாமே ‘ட்யூட்டில கீறாரு’தான். யாரோ எங்கேயோ இருக்கிறார் என்கிற சேதிதான். தன் முதுகுக்குப் பின்னால் தனக்காக ஒருத்தி ‘கீறேன்’ என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. ராத்திரி படுக்கையில் அதை மெல்லச் சொல்லிப் பார்ப்பாள். சொல்லிக்கொண்டே தூங்கிவிடுவாள்.

ஷஹனாஸ் இன்னொரு சட்டமும் சொல்லியிருந்தாள். தலையில் அடிபட்டால் அந்த நிமிடமே வெளியே உட்கார வேண்டும். அம்மாவோ அப்பாவோ நேரில் வந்து அழைத்துப்போய் டாக்டரிடம் காட்ட வேண்டும். டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி மைதானம்.

ஒன்பதாம் நாள் நடந்தது இதுதான். கனகா பந்தோடு ஓடினாள், கெங்கா குரல் கொடுத்தாள், கனகா பந்தைக் கொடுத்துவிட்டாள். எதிரே பாய்ந்து வந்த பெண்ணால் தன் வேகத்தை நிறுத்த முடியவில்லை. இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். மைதானத்தின் ஓரத்தில் வெயிலில் காய்ந்து கட்டிதட்டிப் போயிருந்த மண்ணில் கனகாவின் பின்மண்டை ‘டொக்’கென்று மோதியது. எல்லார் கண்ணும் பந்தோடு ஓடிய கெங்கா மேல் இருந்ததால் ஷஹனாஸ் திரும்பிப் பார்க்கும்போது கனகா எழுந்து நின்றிருந்தாள்.

“கனகா, அடிபட்டுச்சா?”

“இல்லக்கா.”

“தலையில?”

“சொம்மா கால் தடுக்கிடுச்சு.”

ஏன் பொய் சொன்னாள்? தலையில் அடி என்றால் அம்மாவோ அப்பாவோ வர வேண்டும். யார் வருவார்கள்? வரமாட்டார்கள் என்றால் மீதி ஆறு நாளும் வீட்டில்தான். மின்விசிறிச் சத்தமும் டி.வி.யும் ரீசார்ஜ் பெண்ணும்தான். மண்டை வலியைப் பொறுத்துக்கொள்ளலாம், அதைப் பொறுக்க முடியாது என்று பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை முடிவு செய்துவிட்டது. பெற்றவர்கள் இதைப் படித்தால் கொஞ்சம் நின்று யோசிக்கட்டும்.

இன்னும் பத்து நிமிடம் ஓடினாள். ஒரு பந்து இரண்டாகத் தெரிந்தது. கெங்காவை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கோட்டருகே குந்தி வாந்தி எடுத்தாள். ஷஹனாஸ் விசிலை வீசிவிட்டு ஓடி வந்து அவளைத் தூக்கிப் புங்கமரத்தடியில் படுக்கவைத்தாள். விண்ணப்பத்தைத் தேடி எடுத்து, அதிலிருந்த எண்ணைத் தன் போனில் அழுத்தினாள்.

மரத்தடியில் வரிசையாக வைத்திருந்த பைகளில் ஒன்று மணியடித்தது.

“அக்கா, இது கனகா பையி” என்று கெங்கா ஓடிப்போய்ப் போனை எடுத்து வந்தாள். யார் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியவில்லை. படுத்திருந்த கனகா, கண்ணைப் பாதி திறந்து, பழக்கத்தில் கையை நீட்டி வாங்கிக் காதில் வைத்தாள்.

“எங்க நைனா ட்யூட்டில கீறாரு. இன்னா விஷயம், சொல்லுங்க.”

காதில் போனை வைத்தபடி நாலடி தூரத்தில் நின்றிருந்த ஷஹனாஸுக்கு அந்தக் குரல் இரண்டு பக்கமும் கேட்டது. ஷஹனாஸ் மெல்லப் போனை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

“அம்மா நம்பர் இருக்காம்மா?”

“அம்மா போன் கம்பெனி லாக்கர்ல கீதுக்கா. சாயங்காலம்தான் எடுப்பாங்க.”

நல்லவேளையாக அப்பாவு தன் ஷேர் ஆட்டோவோடு சாலையில் நின்றிருந்தார். சவாரிக்கு ஏறியிருந்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டு, கனகாவையும் ஷஹனாஸையும் அரசு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார். ஷஹனாஸ் அங்கேயே இருக்க, அப்பாவுவும் கெங்காவும் தணிகைவேலைத் தேடிக்கொண்டு கும்மிடிப்பூண்டிக்கு ஆட்டோவைத் திருப்பினார்கள்.

ஆலை வாசலில் மணவாளன் என்ற காவலாளி பெரிய நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“தணிகைவேலா? உள்ள நாலு தணிகைவேலு கீறாங்கம்மா. திருத்தணி இத்தினி பக்கத்துல கீது, வேற இன்னா பேரு வெப்பாங்க? டோக்கன் நம்பர் சொல்லு.”

“தெரியாது தாத்தா.”

“எந்த செக்சன்?”

“தெரியாது. கனகவல்லியோட நைனா.”

மணவாளன் நோட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்தார். டோக்கன் எண் இருந்தது, பிரிவு இருந்தது, ரத்த வகைகூட இருந்தது. “அப்டி ஒரு கட்டம் எங்காண்ட இல்லியேம்மா” என்றார் பாவமாக.

கெட்ட மனிதர் இல்லை அவர். உள்ளே போன் போட்டு ஒவ்வொரு தணிகைவேலாக வரவழைத்தார். முதலில் வந்தவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. இரண்டாமவருக்கு இரண்டும் ஆண் பிள்ளைகள். அவர்தான் நெற்றியைச் சுருக்கி யோசித்துவிட்டுச் சொன்னார்: “எங்க செக்சன்லயும் ஒரு தணிகைவேலு கீறாரு, ஓ.டி.யில. ஆனா ரெண்டு வருசமா பக்கத்துலதான் நிக்கிறேன், அவருக்குப் பொண்ணு கீதுன்னு சொன்னதே இல்லியே.”

அந்தத் தணிகைவேல்தான் கனகாவின் அப்பா. சேதி அவன் காதுக்கு எட்டி, மேற்பார்வையாளர் துளசிராமனிடம் சொல்லிக்கொண்டு, கை கால்கூடக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு ஆகியிருந்தது.

உள்ளே டாக்டர் கனகாவிடம் பேசிக்கொண்டிருந்தார். ஸ்கேன் எடுத்தாயிற்று, ரத்தக்கசிவு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது. மறுபடி வாந்தியோ மயக்கமோ பேச்சுக் குளறலோ வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். மூன்று வாரத்துக்கு ஓட்டமும் ஆட்டமும் கூடாது.

“வீட்ல உன்கூட யாரும்மா இருப்பாங்க?” என்று டாக்டர் கேட்டார்.



“போனு கீது” என்றாள் கனகா.

வாசற்படியில் காலை வைத்த தணிகைவேல் அதைக் கேட்டான். ஆண்பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட நேரத்தில் அழுகை வராது, கோபம்தான் வரும். அதை எடுத்து யார் மேலாவது வீச வேண்டும். ஷஹனாஸ் நின்றிருந்தாள்.

“நீதான் டீச்சரா? பொட்டப் புள்ளைங்கள மோத வுட்டு வேடிக்கை பாக்குறியா? என்னை ஒரு வார்த்தை கேட்டியா? யாரு உனக்குப் பர்மிசன் குடுத்தா?”

ஷஹனாஸ் விண்ணப்பத்தை மட்டும் நீட்டினாள். தடித்த எழுத்தைத் தணிகைவேல் வாசித்தான். கீழே தன் கையெழுத்தைப் பார்த்தான். கைபேசி எண்ணைப் பார்த்தான். அது தன் எண்தான்.

“அந்த நம்பருக்குத்தான் அண்ணே கூப்ட்டேன்” என்றாள் ஷஹனாஸ். “உங்க பொண்ணுதான் எடுத்தா. நீங்க ட்யூட்டில இருக்கீங்கன்னு சொன்னா.”

தணிகைவேலின் குரல் இறங்கியது. கட்டிலருகே போய் நின்றான். ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“யாருக்காவ ஓடுறேன் கனகா? உனக்காவத்தானே! நாளைக்கு நீ கஷ்டப்படக் கூடாதுன்னு நானும் உங்கம்மாவும் ராவு பகலா முன்னால ஓடிகினு கீறோம். அது உனக்குத் தெரியாதா?”

கனகாவுக்குத் தலை விண் விண் என்று தெறித்தது. கண்ணை மூடிக்கொண்டுதான் பேசினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை, மைதானத்தில் கற்றதைத்தான் சொன்னாள்.

“தெரியும் நைனா. ஆனா முன்னால ஓடுறவங்களுக்குப் பந்து குடுக்கக் கூடாது. அது தப்பு. பின்னால வந்து ‘கீறேன்’னு சொல்றவங்களுக்குத்தான் குடுக்க முடியும். நீ எப்பப் பாத்தாலும் முன்னாலயே கீறே. தலைல அடிபட்டுச்சின்னு உங்கிட்ட எப்டி சொல்றது?”

தணிகைவேல் கட்டிலோரம் உட்கார்ந்து, இரும்புத்தூள் படிந்த கையை மகள்மேல் வைக்கக் கூசி, அவள் செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அந்தச் செருப்பு அவன் நினைத்திருந்ததைவிட இரண்டு அளவு பெரிதாக இருந்தது.

கனகாவை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, சாயங்காலம் ஜோதிலட்சுமி அலறிக்கொண்டு வந்தாள். தெருவில் இரண்டு பேர் அவள் காதுபடவே ‘பொம்பள ஊட்ல கீறதில்ல, அதான்’ என்றார்கள். ஊருக்கு எப்போதும் பழி போட ஒரு தாய் வேண்டும். அப்பன் வீட்டில் இருந்தானா என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஜோதிலட்சுமி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு புருஷனிடம் சொன்னாள்:

“லைன்ல ஒரு செகண்டு கண்ணு அசந்தா பீஸ் ரிஜெக்ட்டு. அந்தப் பீஸயெல்லாம் பூதக்கண்ணாடி வெச்சிப் பாக்குறேன். நம்ம புள்ள மூஞ்சிய எப்பப் பாத்தேன்னு நெனப்பே இல்லியே.”

இரண்டு நாளும் தணிகைவேல் வேலைக்குப் போகவில்லை. ஜோதிலட்சுமிக்கு மறுநாள் ஒரு நாள்தான் லீவு கிடைத்தது. அதற்கடுத்த நாள் தணிகைவேல் மட்டும் வீட்டில் இருந்தான். பகலில் விழித்திருந்து தன் வீட்டைப் பார்ப்பது அவனுக்கே புதிதாக இருந்தது. உப்பு டப்பா எங்கே என்று தேடினான். மகளுக்குத் தயிர் பிடிக்காது என்பது, ஊற்றிப் பிசைந்த பிறகு தெரிந்தது. போனில் ரீசார்ஜ் பெண்ணின் குரல் வந்தபோது வெட்டப் போனான். “இரு நைனா, இன்னும் முடியல” என்றாள் கனகா. எதற்காக அதைக் கேட்கிறாள் என்று புரிய அவனுக்கு ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டான்.

படுத்திருந்தவள் அரைமணிக்கு ஒருதரம் கண்ணைத் திறக்காமல் கூப்பிட்டாள்.

“நைனா?”

முதல்முறை தணிகைவேல் “இன்னாம்மா, தண்ணி வேணுமா?” என்று ஓடி வந்தான். ஒன்றும் வேண்டாம் என்றாள். இரண்டாம் முறையும் ஒன்றும் வேண்டாம். மூன்றாம் முறைதான் அவள் கேட்பது என்ன என்று விளங்கியது. அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தான்.

“கீறேன்.”

உள்ளே கனகா திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.

முகாமின் கடைசி நாள் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஓ.டி.யை விட்டுவிட்டு ஜோதிலட்சுமி சுண்டல் அடுப்பருகே உட்கார்ந்து ஷஹனாஸோடு பேசிக்கொண்டிருந்தாள். மைதானத்தில் பெண்கள் முட்டி மோதிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ஆடக் கூடாத கனகா கோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், நாற்காலி முதுகைப் பிடித்தபடி, தணிகைவேல் நின்றிருந்தான். ஆட்டத்தில் ஒன்றும் புரியாவிட்டாலும், யார் பந்தை எடுத்தாலும் “கீறேன், கீறேன்” என்று கத்தி மற்ற பெற்றோரின் முறைப்பை வாங்கிக்கொண்டிருந்தான்.

போன் அடித்தது. பழக்கத்தில் அவன் அதை மகளிடமே கொடுத்திருந்தான். மேற்பார்வையாளர் துளசிராமன் பேசினார்.

“இன்னாம்மா, உங்க நைனா எங்க? நாலு நாளா ஷிப்ட்டு முடிஞ்ச ஒடனே ஓடிடறாரு. இன்னிக்கு லோடு கீது, ஆளு வேணும்.”

கனகா பின்னால் திரும்பி அப்பாவை ஒருமுறை பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

“எங்க நைனா ட்யூட்டில கீறாரு சார்.”

“ட்யூட்டிலயா? இங்க வரவே இல்லியே! எந்த ட்யூட்டி?”

தணிகைவேல் போனை வாங்கிக்கொண்டான். முகாமுக்கு வந்திருந்த மற்ற பெற்றோரும் திரும்பிப் பார்க்கும்படி அவன் குரல் பெரிதாகத்தான் இருந்தது.

“நான்தான் சார் பேசுறேன். ஷிப்ட்டுக்கு ஒரு நிமிசம் கொறையாம வருவேன், ஓ.டி.க்கு இனிமே வர மாட்டேன். கோச்சிக்காதீங்க. அங்க நான் இல்லன்னா இன்னும் மூணு தணிகைவேலு கீறாங்க சார். என் புள்ளைக்குப் பின்னால நின்னு ‘கீறேன்’னு சொல்ல என்னையும் அவங்கம்மாவையும் வுட்டா வேற ஆளு கெடையாது. புள்ளைங்களுக்காவ முன்னால ஓடுனா மட்டும் பத்தாது சார். அதுங்க கூப்புட்ற தூரத்துல நாம இருக்கணும்.”